நாற்பதில் திரும்பிய வயது

ராதாரமண் சமாத்தார். இந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ரா, தா, ர, ம, ண். ச, மா, தா, ர். குறில் நெடிலை ஒதுக்கிவிட்டு எழுத்தின் ஓசையை மட்டும் காதில் வாங்கினால் ரி த ரி ம நி, ச ம த ரி என்று கேட்கும். காந்தாரமும் பஞ்சமமும் இல்லாத ஐந்து ஸ்வரங்களுக்குள் ஒரு மனிதரின் பெயரும் குடும்பப் பெயரும் மிச்சமில்லாமல் அடங்கிவிட்டன.

சத்யஜித் ரே 1973இல் எழுதிய ‘சமாத்தாரேர் சாபி’ என்ற துப்பறியும் கதையில் வருகிறவர் இந்தப் பெரியவர். சாபி என்றால் சாவி. வாத்தியங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு தனியே வாழ்ந்தவர், காசை இறுக்கிப் பிடித்தவர். சாகும் தறுவாயில் தம் பெயரைப் பற்றியும் ஒரு சாவியைப் பற்றியும் தட்டுத்தடுமாறி இரண்டொரு சொல் சொல்கிறார். அதோடு மூச்சு நின்றுவிடுகிறது. எல்லோரும் பூட்டையும் சாவியையும் தேடுகிறார்கள். பூட்டு, கட்டைகள் வரிசையாகப் பதித்த ஒரு வாத்தியம். சாவி, அந்தக் கட்டைகளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பெரியவரின் பெயரை அதில் வாசித்தால் மறைவறை திறக்கிறது, உள்ளே அவருடைய சேமிப்பு இருக்கிறது.

கர்நாடக இசையில் ஸ்வராட்சரம் என்றோர் அழகு உண்டு. பாட்டின் சொல்லில் வரும் எழுத்தும் அது பாடப்படும் ஸ்வரமும் ஒன்றாகவே அமைவது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதியில் அப்படி ஓர் இடம் வந்தால் சபையில் தெரிந்தவர்கள் தலை தானாக அசையும். அதே இனத்து நயத்தைப் பூட்டாக மாற்றி, அதற்குள் பணத்தையும் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறார் ரே. இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தப் பெரியவரின் பேரனுக்குப் பெயர் தரணிதர். த ரி நி த ரி. முடிச்சு அவிழ்வதற்கு வெகு முன்னரே அந்தப் பெயர் நம் காதில் விழுந்துவிடுகிறது. நாம்தான் அதைப் பெயராகக் கேட்டோம். பாட்டாகக் கேட்கத் தவறிவிட்டோம். இரண்டாம் முறை படிக்கும்போது அந்த இடத்தில் நின்று சிரித்துக்கொள்ளாமல் என்னால் பக்கத்தைத் திருப்ப முடிந்ததில்லை.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் வேறொன்று உட்கார்ந்திருக்கும் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனால் கல்கத்தாவில், 100 கார்பார் சாலையில், அச்சு இயந்திரங்கள் ஓடிய ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறோம்.

*

அந்த வீட்டைக் கட்டியவர் தாத்தா உபேந்திரகிஷோர். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய ராமாயணத்தில் படங்கள் மோசமாக அச்சாகின என்பதற்காகவே அச்சுக்கலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர். தம் படம் சிதைந்துவிட்டதே என்று வருந்தி நின்றுவிடாமல் ஒளியையும் கண்ணாடித் திரையையும் புள்ளிகளையும் ஆராய்ந்து, ஹாஃப்டோன் முறையில் இங்கிலாந்தின் அச்சுத்துறை ஆண்டுமலரில் கட்டுரை எழுதும் அளவுக்குப் போனார். 1913இல் அவர் தொடங்கிய சிறுவர் பத்திரிகைக்கு வைத்த பெயரே ஒரு சிலேடை. சந்தேஷ் என்றால் வங்காளிகளின் பால் இனிப்பு. சந்தேஷ் என்றால் செய்தி. பிள்ளை கையை நீட்டினால் இரண்டும் கிடைக்கும்.

அவருடைய மகன் சுகுமார் ரே. இயற்பியலும் வேதியியலும் படித்துவிட்டு, 1911இல் இங்கிலாந்துக்குப் போய் லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பம் பயின்றவர். இவ்வளவு கறாரான படிப்பைப் படித்தவர் நண்பர்களைக் கூட்டி அமைத்த சங்கத்துக்கு நான்சென்ஸ் கிளப் என்று பெயர் வைத்தார். அதன் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பெயர் ‘முப்பத்திரண்டரை வறுவல்’. கல்கத்தாத் தெருவில் விற்ற ஒரு தின்பண்டக் கலவையின் பெயர் அது: முப்பத்திரண்டு வகைச் சரக்கு, மேலே அரை மிளகாய். அந்த அரையில்தான் சுகுமார் இருக்கிறார். முப்பத்திரண்டோடு நின்றிருந்தால் வெறும் கணக்கு. அரை வந்து உட்கார்ந்ததும் கணக்கே சிரிக்கத் தொடங்கிவிடுகிறது.

சுகுமாரின் வங்காளத்தில் வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒரே பிராணி ஆகும். இலக்கணமோ உயிரியலோ குறுக்கே வராது. ஹான்ஸ் என்றால் வாத்து, ஷஜாரு என்றால் முள்ளம்பன்றி. இரண்டும் சேர்ந்தால் ஹான்ஸ்ஜாரு. முதற்சொல்லின் வாலும் இரண்டாம் சொல்லின் தலையும் ஒரே ஓசையில் முட்டிக்கொள்வதால் ஒட்டு போட்ட இடம் தெரிவதில்லை. படத்தையும் அவரே வரைந்தார். அதிலும் வாத்துக் கழுத்து எங்கே முடிந்து முள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இவருக்கு மகனாக சத்யஜித் 1921 மே 2 அன்று பிறந்தார். அந்த ஆண்டிலேயே சுகுமாரைக் காலா அசார் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அன்று அதற்குச் சரியான மருந்து கிடையாது. படுக்கையில் இருந்தபடியே எழுதினார், வரைந்தார், தம் பாட்டுத் தொகுதியான ‘ஆபோல் தாபோல்’ நூலுக்குப் பக்க அமைப்பும் செய்தார். 1923 செப்டம்பர் 10 அன்று இறந்துபோனார். வயது 35. புத்தகம் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. பையனுக்கு அப்போது இரண்டேகால் வயதுக்குச் சற்று மேல்.

புகழ்பெற்ற எழுத்தாளருக்குப் பிள்ளையாய்ப் பிறந்தவர்களுக்கு ஒரு பாரம் உண்டு என்பார்கள். சத்யஜித்துக்கு அந்தப் பாரம் வேறு வடிவில் வந்தது. உட்கார்த்தி வைத்துக் கதை சொன்ன அப்பா இல்லை. அதட்டிய அப்பாவும் இல்லை. அப்பா என்பவர் அச்சடித்த காகிதம். வங்காளத்தில் பிறந்த மற்றப் பிள்ளைகளைப் போலவே அவரும் சுகுமார் ரேயைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போனது. தாய் சுப்ரபாவோடு பவானிபூரில் தாய்மாமன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில் எழுதிய சிறுவயது நினைவுகளில் ஒன்றைச் சொல்கிறார்: டர்ப்பன்டைன் வாடை எங்கே வந்தாலும் அந்த அச்சகம் கண்முன் நிற்குமாம். சின்னஞ்சிறுவனாகக் காகிதத்தில் எதையாவது கிறுக்கி எடுத்துக்கொண்டு கீழே போய், காமிராக்காரரிடம் இது சந்தேஷில் வர வேண்டும் என்று கொடுப்பாராம். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு, பையனைத் தூக்கி, பெரிய காமிராவின் கண்ணாடியில் அந்தக் கிறுக்கல் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவாராம்.

தலைகீழாகத் தெரிவதை நேராக்கிப் படிப்பது துப்பறிவாளன் வேலை. அந்தப் பையன் அப்போதே தன் முதல் பாடத்தைக் கேட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றும்.

*

சுகுமாரின் ‘ஹஜபரல’ என்ற கதையில், ஒன்றரை முழ உயரமும் கால்வரை தொங்கும் பச்சைத் தாடியுமாக ஒரு கிழவர் வருகிறார். எதிரில் நிற்கும் பையனை நாடாவால் அளக்கிறார். உயரம் 26 அங்குலம், மார்பு 26 அங்குலம், எதை அளந்தாலும் 26 அங்குலம். வெறும் பிதற்றல் என்று நாம் சிரிக்கும்போதே சுகுமார் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்: நாடாவில் மற்ற எண்கள் எல்லாம் தேய்ந்து அழிந்துவிட்டன, 26 மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதை எத்தனை முறை வியந்திருக்கிறேன்! விந்தையான நிகழ்ச்சி ஒன்று. பின்னால் மிக எளிய, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய காரணம் ஒன்று. துப்பறியும் கதையின் எலும்புக்கூடு முழுவதும் இந்த ஒரு நாடாவுக்குள் இருக்கிறது. அதே கதையின் கடைசியில் வழக்கும் நடக்கிறது. ஆந்தை நீதிபதியாக உட்கார்கிறது. சாட்சியைக் காசுக்குக் கூட்டிவருகிறார்கள். அப்பாவின் முடிச்சை அவிழ்க்க வேண்டியதில்லை, அது முடிச்சாகவே இருந்து சிரிப்பு மூட்டும். மகனின் முடிச்சு கடைசிப் பக்கத்தில் அவிழ்ந்தே ஆக வேண்டும். நூல் இருவருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கிழவர் இன்னொரு வழக்கமும் சொல்கிறார். அவர்கள் ஊரில் யாருக்கும் நாற்பதுக்கு மேல் வயது ஏறாதாம். நாற்பது ஆனதும் வயதைத் திருப்பிவிடுவார்களாம். அப்புறம் 39, 38 என்று இறங்கும். பத்துவரை இறங்கியபின் மறுபடி ஏறும். கிழவனாகிச் சாக வேண்டியதே இல்லை.

இதை எழுதியவர் நாற்பதைத் தொடவில்லை. அவருடைய மகன் தொட்டார், 1961 மே 2 அன்று. அதே மே மாதத்தில், நின்றுபோயிருந்த சந்தேஷ் மறுபடி வெளிவந்தது. கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து சத்யஜித் அதன் ஆசிரியரானார். அதற்குள் அபு படங்கள் மூன்றையும் முடித்து உலகம் அறிந்த இயக்குநர் ஆகியிருந்தார். இளமையில் ஆங்கிலத்தில் இரண்டு சிறுகதை அச்சாகியிருந்தது உண்டு. வங்காளத்தில் கதாசிரியர் என்று அவரை யாருக்கும் தெரியாது. முதல் இதழில் எட்வர்ட் லியரின் விளையாட்டுப் பாட்டு ஒன்றை வங்காளத்தில் ஆக்கித் தந்தார். அதே ஆண்டில் அவர் பேனாவில் விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்கு பிறந்தார்; அவருடைய நாட்குறிப்புக்குப் பின்னால் அப்பா எழுதிய ஹேஷோராம் ஹூஷியாரின் நாட்குறிப்பு நிற்கிறது. 1965 டிசம்பரில், பின்னாளில் சமாத்தாரின் பூட்டைத் திறக்கப்போகும் துப்பறிவாளர் ஃபெலுடா வந்தார்.

சத்யஜித் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா என்பது இருக்கட்டும். பத்திரிகையைத் தூக்கி நிறுத்த எழுதினார், எழுத எழுதக் கை ஊறிவிட்டது, அவ்வளவே காரணம் என்றாலும் சரி. படிக்கிறவன் கண்ணுக்கு இது தெரிகிறது: அப்பா எழுதிவைத்த சட்டப்படி, நாற்பது வயது ஆனதும், மகன் தன் வயதைத் திருப்பிக்கொண்டார்.

*

ஃபெலுடாவின் முழுப்பெயர் பிரதோஷ் சந்திர மித்தர். வீட்டுப்பெயர் ஃபெலு, ‘தா’ என்பது அண்ணன். கதை சொல்கிறவன் சித்தப்பா மகன் தபேஷ் ரஞ்சன். அவனை ஃபெலுடா தோப்ஷே என்று கூப்பிடுகிறார். தோப்ஷே, வங்காளிகள் விரும்பிச் சாப்பிடும் ஒரு மீனின் பெயர். தவத்தின் பெயரை மீனாக்கிவிட்ட அந்தக் கூப்பாட்டில் ஓர் அண்ணனின் அன்பு முழுக்க இருக்கிறது. டார்ஜிலிங்கில் நடக்கும் முதல் கதையில் அண்ணனுக்கு 27, தம்பிக்குப் பதின்மூன்றரை. அங்கிருந்து 1992 வரை, 35 முழுக் கதைகள். வெளியே இருபத்தேழு ஆண்டு ஓடுகிறது. உள்ளே அண்ணன் முப்பதைச் சில வயது தாண்டுகிறார், தம்பி இன்னும் பிள்ளைப்பருவத்தை விட்டபாடில்லை. பச்சைத் தாடிக் கிழவரின் சட்டம் இங்கேயும் செல்லுபடியாகிறது.

ஃபெலுடாவுக்கு ஒன்பது வயதில் பெற்றோர் போய்விட்டார்கள். சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். மாமன் வீட்டில் வளர்ந்தவர் எழுதிய வரி இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ரே அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகிறார் என்பது தெரியும். ஏக்கம் இல்லை, கண்ணீர் இல்லை. ஃபெலுடாவின் அப்பா டாக்காவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். என்ன பாடம்? கணக்கும் சமஸ்கிருதமும். எண்ணும் எழுத்தும். மகன் அவிழ்க்கப்போகும் புதிர்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வரப்போகின்றன.

‘ராயல் பெங்கால் ரஹஸ்ய’ கதையில் புதையலுக்கு வழிகாட்டும் பழைய விடுகதை ஒன்றில் ‘ஐந்து’ என்ற எண்ணும் ‘சோறு’ என்ற சொல்லும் வருகின்றன. அளக்கும் இடத்தில் சோற்றுக்கு என்ன வேலை? சோறு என்றால் அன்னம். ஐந்தையும் அன்னத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பஞ்சான்ன. வங்காளத்தில் 55. அத்தனை முழம் அளந்து போக வேண்டும். அன்னம் என்ற சொல் நம் இலையிலும் இருப்பதால் தமிழ் வாசகனுக்கு இந்த முடிச்சு மொழிபெயர்ப்பைத் தாண்டி நேராக வந்து சேர்கிறது. சொல்லை அதன் பொருளாலும் படிக்க வேண்டும், ஓசையாலும் படிக்க வேண்டும். பொருள் வழி அன்னத்துக்குப் போய், ஓசை வழி எண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

1975இல் வந்த ‘குர்குட்டியார் கட்டனா’ இதைவிட நுணுக்கம். கிளி ஒன்று ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது ஒரு பெட்டகத்தின் எண்பூட்டு. அதில் ‘திரிநயன்’ என்ற சொல் வருகிறது. முக்கண்ணன் என்று நமக்கும் புரியும். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டால், திரி 3. நய் வங்காளத்தில் 9. கடைசியில் ‘ஜிரோ’ என்ற சொல். வங்காளத்தில் ‘இளைப்பாறு’ என்று பொருள்; ஆங்கிலக் காதுக்குச் சுழி. கிளியைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி அழகு இருக்கிறது. பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் சொல்லும் பிராணி அது. சுகுமாரின் உலகிலிருந்து நேராகப் பறந்து வந்து மகனின் கதையில் உட்கார்ந்த கிளி என்று அதை எண்ணிக்கொள்வேன்.

அந்த நயன் அதோடு போய்விடவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, 1990இல், ‘நயன் ரஹஸ்ய’. நயன் என்பது இப்போது ஒரு சிறுவனின் பெயர். எண் சம்பந்தமாக எதைக் கேட்டாலும் அவன் கண்முன் விடை வந்து நிற்கும். கண் என்று பொருள்படும் சொல்லுக்குள் ஒன்பது ஒளிந்திருந்ததே, அது வளர்ந்து ஒரு பிள்ளையாகிவிட்டது! கதை அந்தப் பையனோடு ரயிலேறி மதராஸுக்கு வருகிறது, மாமல்லபுரத்துக்கும் போகிறது. நம் கடற்கரையில் ஃபெலுடா நடந்தார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

*

நயம் பாராட்டும்போது மோனையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? தலைப்புகளைப் பாருங்கள். ‘காங்டோகே கண்டகோல்’ என்றால் காங்டாக்கில் குழப்பம். ‘கைலாஷே கேலேங்காரி’ என்றால் கைலாசத்தில் ரகளை. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் அது. ‘பம்பாயேர் பம்பேட்டே’ என்றால் பம்பாய்க் கொள்ளையர். ‘ஜதோ காண்டோ காட்மாண்டுதே’ என்பதில் முன்சொல்லை ஊர்ப்பெயர் அப்படியே வாங்கிக்கொண்டு எதிரொலிக்கிறது. ஊரைச் சொன்னதும் அதன் முதலெழுத்தே வம்பைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இந்த மோனை ஆசையை ரே ஒரு மனிதராகவே ஆக்கிவிட்டார். 1971இல் ‘சோனார் கேல்லா’ கதையில், ஓடும் ரயிலில் வந்து சேர்கிறார் லால்மோகன் கங்குலி. குள்ளம், வழுக்கை, நல்ல மனம். ஜடாயு என்ற புனைபெயரில் மர்ம நாவல் எழுதுகிறவர். ‘சஹாராய் ஷிஹரண்’ என்பது போல அவர் புத்தகங்களுக்கும் மோனைதான். சஹாராவில் சிலிர்ப்பு! பிரகர் ருத்ரன் என்ற அவருடைய நாயகன் பாலைவனத்தில் ஒட்டகத்தின் வயிற்றில் தேக்கிவைத்த தண்ணீரைக் குடிப்பான். ஃபெலுடா அமைதியாகத் திருத்துகிறார்: ஒட்டகம் வயிற்றில் தண்ணீரைத் தேக்குவதில்லை, அதன் திமிலில் இருப்பது கொழுப்பு. அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன் என்கிற பணிவு அந்த மனிதருக்கு உண்டு.

மர்மக்கதை எழுதுகிறவர் தம் மர்மக்கதைக்குள் இன்னொரு மர்மக்கதை எழுத்தாளரை உட்கார்த்தி வைத்திருக்கிறார். ஒருவர் அடித்துவிடுகிறார், ஒருவர் சரிபார்க்கிறார். ஜடாயு வருவதற்கு முன்னாலிருந்த கதைகளில் அறிவு இருக்கிறது, ஊர் இருக்கிறது, வேகம் இருக்கிறது; வயிறு குலுங்கச் சிரிப்பு குறைவு. ஜடாயு வந்ததும் அந்தக் குடும்பத்துச் சிரிப்பு கதைக்குள் வந்துவிடுகிறது. ரே இவரை ஒருநாளும் இழிவாக நடத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காசியில் நடக்கும் ‘ஜய் பாபா ஃபெலுநாத்’ கதையில் வில்லன் மகன்லால் மேக்ராஜ் அவரைப் பலகை முன் நிறுத்திச் சுற்றிலும் கத்தி வீசச் செய்யும் இடத்தில் நாம் சிரிக்க மாட்டோம், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். 1974இல் ‘சோனார் கேல்லா’ படமாகி, சந்தோஷ் தத்தா ஜடாயுவாக நடித்தபின், ரே தம் கதைப் படங்களில் வரைந்த ஜடாயுவின் முகமும் மெல்ல சந்தோஷ் தத்தாவின் முகமாக மாறிப்போனது. கோடும் எழுத்தும் நடிகரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள். அங்கும் ஒட்டு போட்ட இடம் தெரியவில்லை.

அந்தக் காசிக் கதையின் துப்பும் பிள்ளை வாயிலிருந்துதான் வருகிறது. காணாமற்போன பிள்ளையார் எங்கே என்றால், ஆப்பிரிக்காவின் ராஜாவிடம் இருக்கிறது என்கிறான் ருகு என்ற சிறுவன். பெரியவர்கள் அதைப் பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவின் ராஜா யார்? சிங்கம். வீட்டில் துர்க்கை சிலை தயாராகிக்கொண்டிருக்கிறது. அவள் வாகனத்தின் வாய்க்குள் சூயிங்கம் வைத்து ஒட்டியிருக்கிறான் பிள்ளையாரை. பிள்ளை பிதற்றுவதுபோல் இருப்பதைக் கூர்ந்து கேட்டால் அதில் உண்மை முழுதாக இருக்கும். ‘ஆபோல் தாபோல்’ என்றால் பிதற்றல் என்றுதான் பொருள். அதை எழுதியவரின் மகனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இவையெல்லாம் சிறுவர்களுக்காக எழுதியவை. காதல் துரோகம், பெருங்கொடுமை போன்ற, துப்பறியும் கதையின் வழக்கமான எரிபொருளை அவரால் தொட முடியாது. அந்தக் கட்டுப்பாடு கடினம் என்று ரேயே சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவர் சரக்கை வேறிடத்தில் தேடினார்: பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் புதைந்த பழைய பெரிகல் கடிகாரத்தில், டின்டோரெட்டோ ஓவியத்தில், நெப்போலியன் எழுதிய கடிதத்தில், பேர்போன கோட்டையின் மஞ்சள் கல்லில். ஃபெலுடா தம் குறிப்பேட்டில் ஆங்கிலத்தைக் கிரேக்க எழுத்தில் எழுதிவைப்பார். ரே ராமன் என்ற ஆங்கில எழுத்துரு அமைத்தவரின் நாயகனுக்கு ஏற்ற பழக்கம். திரைக்கதைகளுக்கு வைத்திருந்ததைப் போலவே, சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் பேரேடுகளில்தான் ரே இந்தக் கதைகளையும் எழுதினார். கதைகளுக்குப் படமும் அவரே வரைந்தார். தாத்தா, படம் கெட்டுவிட்டதென்று அச்சுக்கலை கற்றார். பேரன், எழுத்தும் படமும் ஒரே கையில் இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்.

*

1987இல் சுகுமாரின் நூற்றாண்டு வந்தபோது ரே அப்பாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பின்னணியில் பேசும் குரல் சௌமித்ர சாட்டர்ஜியுடையது. திரையில் ஃபெலுடாவாக நடித்த அதே சௌமித்ர. தம் அப்பாவின் கதையை உலகுக்குச் சொல்ல அவர் ஃபெலுடாவின் குரலை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

1992 ஏப்ரல் 23 அன்று சத்யஜித் மறைந்தார். ‘ராபர்ட்ஸனேர் ரூபி’ அதன் பிறகுதான் அச்சேறியது. அப்பாவைப் போலவே மகனும் தம் கடைசிப் புத்தகத்தை அச்சில் பார்க்கவில்லை.

அப்பாவைப் பற்றி அந்த மகனுக்குத் தங்கியிருந்த நேரடி நினைவு மிகச் சிலவே. ஒன்றைத் தம் சிறுவயது நூலில் எழுதியிருக்கிறார். கங்கைக்கரையில் சோத்பூர். நோயாளியான அப்பாவைக் காற்றுக்காக அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். அப்பா ஜன்னலருகே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார். திடீரென்று நிமிர்ந்து, கப்பல் போகிறது என்று சொல்கிறார். பையன் முற்றத்துக்கு ஓடுகிறான். ஊதுகுழல் ஒலிக்க ஒரு நீராவிக் கப்பல் கடந்து போகிறது. நினைவு அவ்வளவுதான்.

ஃபெலுடா கதை ஒவ்வொன்றையும் படித்து முடிக்கும்போது இந்த முற்றம்தான் எனக்கு நினைவு வருகிறது. 35 கதைகளிலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதானே. பெரியவர் ஒருவர் வேறு வேலையாக இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் பார்ப்பதற்கு முன்னால் அவர் கண் ஒன்றைப் பார்த்துவிடுகிறது. ஒரே ஒரு சொல் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் சின்னவன் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறான். பார்த்ததை நமக்கு வந்து சொல்கிறான். வயதைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு மனிதர் எங்கே போய்ச் சேருவார் என்று பச்சைத் தாடிக் கிழவரிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. சத்யஜித் ரே அந்த ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தார். தோப்ஷே ஓடும்போதெல்லாம் அவரும் ஓடினார், கப்பலைப் பார்க்க.